முகத்துக்கு எந்த டெவலப்பர்? டி-76, ரோடினால், பைரோ

கருப்பு வெள்ளை ஃபிலிமில் முகம் நன்றாக வரவில்லை என்றால் உடனே லென்ஸைக் குறை சொல்கிறோம். தோல் வழவழப்பாக வருமா, சொரசொரப்பாக வருமா, நெற்றி வெளிறிப்போகுமா என்பதெல்லாம் பெரும்பாலும் ஃபிலிமை டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் கழுவும் டேங்குக்குள்தான் முடிவாகிறது.

என் ஓட்டு டி-76க்குத்தான், அதுவும் சம அளவு தண்ணீர் கலந்து. அதன் ஸ்டாக்கில், அதாவது தண்ணீர் சேர்க்காத மூலக் கரைசலில், லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட் இருக்கிறது, அது படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்களின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்து கிரெயினை, அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகளை, அடக்கிவிடும். ஸ்டாக்கை அப்படியே ஊற்றினால் கன்னம் பட்டுப்போல வரும், ஆனால் இமை முடியும் சேர்ந்து மழுங்கும். தண்ணீர் கலந்தால் இமை முடி தனித்தனியாக நிற்கும், கன்னமும் கெடாது. கிட்டத்தட்ட இதே டெவலப்பரான ஐடி-11இல், 1+1 கலவைக்கு (ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒரு பங்கு தண்ணீர்), எச்பி5 பிளஸ் ஃபிலிமை 20 டிகிரியில் 13 நிமிடம் வைக்கச் சொல்கிறது இல்ஃபோர்டு நிறுவனம். சுள்ளென்ற வெயிலில் எடுத்த முகம் என்றால் நான் அதில் இரண்டு நிமிடம் குறைத்துவிடுவேன், அதற்கு எடுக்கும்போதே ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரண்டு மடங்கு வரை, ஒளியைக் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும். கருத்த தோலை நிழலிலோ மேகமூட்டத்திலோ எடுத்திருந்தால் மட்டும் நேரத்தில் கை வைக்காதீர்கள். அங்கே தாடை, கன்னம், கழுத்து எல்லாமே நெருங்கிய சாம்பல் நிறங்கள், குறைத்தால் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும். அந்தத் தோலின் அழகே அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகளில்தான் இருக்கிறது.

ரோடினால் 1891இலிருந்து இருக்கிறது, எனக்கும் பிடிக்கும், ஆனால் எல்லா முகத்துக்கும் இல்லை. தண்ணீர் நிறையக் கலந்து ஊற்றுவதால் சல்ஃபைட் மிகக் குறைவு, கிரெயின் கரையாமல் கூர்மையாக நிற்கும். கிரெயின் அதிகம் கண்ணில் படுவது நடுச் சாம்பலில், தோலும் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. அதனால் 35 எம்எம்மில் 400 வேக ஃபிலிம் போட்டுக் குழந்தை முகம் எடுத்துவிட்டு இதில் கழுவாதீர்கள். சுருக்கம் விழுந்த முகம், நரைத்த தாடி, அகலமான 120 ஃபிலிம் என்றால் தாராளமாக 1+50. அசைக்காமல் ஒரு மணி நேரம் விடும் 1+100 முறை முகத்துக்கு வேண்டவே வேண்டாம், நடு டோன்கள் சப்பென்று ஆகிவிடும்.

அப்புறம் பைரோ. வெள்ளி அடர்ந்த இடத்தில் மஞ்சளோ பழுப்போ கறை கூடுதலாகப் படியும், அந்தக் கறை நீல ஒளியைத் தடுப்பதால் வேரியபிள் கான்ட்ராஸ்ட் பேப்பரில் (ஒளியின் நிறத்துக்கேற்ப கான்ட்ராஸ்ட் மாறும் பிரிண்ட் தாளில்) நெற்றி, மூக்கு நுனி பளபளப்பு இதமாக இறங்கும். இருட்டறையில் பிரிண்ட் போடுபவருக்கு இது பெரிய வரம். ஸ்கேன் மட்டும் செய்பவருக்கு அந்தப் பேப்பர் பலன் கிடைக்காது, அதற்காகப் பைரோகலால் என்ற நச்சுப் பொருளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

எதில் கழுவினாலும் சரி, காய்ந்த நெகட்டிவை அச்சடித்த தாள்மேல் வைத்து நெற்றிப் பளபளப்பு விழுந்த இடத்தைப் பாருங்கள். அதன் வழியே கீழே உள்ள எழுத்தை மங்கலாகவாவது படிக்க முடியவில்லை என்றால், அடுத்த ரோலில் நேரத்தைக் குறையுங்கள், டெவலப்பரை மாற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்.