யானை துரத்தும் கனவுக்குப் பரிகாரம் என்று பணம் பறிக்கிறார்கள், கவனம்

கனவில் யானையோ புலியோ பன்றியோ தாக்க வந்தால் பலன் சொல்லி, பரிகாரமும் செய்து தருகிறோம் என்று ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் விளம்பரம் செய்கிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் என் அப்பா 38,000 ரூபாய் இழந்தார். பணத்தைவிடப் பெரிய சேதம், அந்த ஆள் சொன்னபடி செய்யப்போய் அம்மாவின் கையில் விழுந்த வெட்டு. உங்கள் வீட்டில் வயதானவர் யாராவது தூக்கத்தில் கத்தினால், கை காலை உதறி அடித்தால், தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள்.

எங்களுக்குக் கோவை தடாகம் பக்கம் மலையடிவாரத்தில் கொஞ்சம் வாழைத் தோட்டம் இருக்கிறது. அங்கே யானை வருவது சாதாரணம். வாழை குலை தள்ளும் காலத்தில் ராத்திரி முழுக்கக் காவல் இருந்து, டார்ச் அடித்து, பட்டாசு வெடித்து விரட்டியே பழகியவர் அப்பா. அவர் கனவில் யானை வராமல் வேறு என்ன வரும்? ஆனால் போன வருடத்திலிருந்து நிலைமை மாறியது. தூங்கும்போதே "வந்துட்டான், ஓடுங்க" என்று கத்துவார், சுவரைக் குத்துவார். ஒருமுறை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து தோளில் அடிபட்டது. பெரும்பாலும் விடியற்காலையில்தான். அம்மா தட்டி எழுப்பினால் உடனே தெளிந்துவிடுவார். ஒற்றை யானை எந்த வரப்பில் வந்தது, தான் எதை எடுத்து எறிந்தேன் என்று கனவை அப்படியே சொல்வார்.

நான் வேலைக்காகத் திருப்பூரில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது அப்புறம்தான். அதற்குள் அப்பா ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அதில் இருந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறார். அவர் போனில் அழைப்புகள் தானாகவே பதிவாகும். எல்லாவற்றையும் பின்னால் உட்கார்ந்து கேட்டேன்.

முதலில் 501 ரூபாய் காணிக்கை. அப்புறம் கேள்விகள். "துரத்துச்சுங்களா, மிதிச்சுதுங்களா? கொம்பு இருந்துச்சுங்களா? எத்தன மணிக்கு?" அதிகாலை நாலு மணி என்று அப்பா சொன்னதும் அந்த ஆள் பிடித்துக்கொண்டார். "விடியக்கால கனவு பலிக்காம போகாதுங்க ஐயா." அடுத்து, "பங்காளிங்க யார்கூடயாச்சும் இடத் தகராறு இருக்குதுங்களா?" தோட்டம் வைத்திருக்கிற எந்தக் குடும்பத்தில் வரப்புத் தகராறு இல்லை? அப்பா ஆமாம் என்றார். உடனே, "நானும் அதத்தான் நெனச்சேன். இது ஏவல்" என்று முடித்துவிட்டார். கேட்டுப் பாருங்கள், தகவல் முழுக்க அப்பா வாயிலிருந்து வந்தது. அதையே திருப்பிச் சொல்லி ஞானதிருஷ்டி என்று நம்ப வைத்திருக்கிறார். துரத்தினால் எதிரி, மிதித்தால் நோய், தப்பித்து ஓடினால் கண்டம் தள்ளிப்போயிருக்கிறது. எந்தப் பதிலுக்கும் பரிகாரம் உண்டு.

செப்புத் தகடு 6,500 ரூபாய். ஹோமம் 18,000. ஹோமத்துக்குப் பிறகும் கனவு நிற்கவில்லை என்றதும், "வந்த யானை ஒண்ணு இல்லீங்க, பின்னால இன்னொண்ணு நிக்குது" என்று இன்னும் 13,000. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பெயரில் ஜிபே. ரசீது கிடையாது, முகவரி கிடையாது, ஹோமம் நடந்ததற்கு அனுப்பியது ஒரு மங்கலான போட்டோ மட்டும். அப்பா தயங்கியபோது அந்த ஆள் சொன்னதுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை: "பாதியில நிறுத்துனா அது வீட்டுத் தலப்பிள்ளையத்தான் மிதிக்கும்." தலைப்பிள்ளை நான். அந்தப் பதிவில் அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பணம் போட்டிருக்கிறார்.

பணத்தோடு நின்றிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். பூஜை முடியும்வரை இங்கிலீஷ் மருந்து எதையும் தொடக் கூடாது என்றிருக்கிறார். அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். கூடவே, மந்திரித்தது என்று ஒரு சின்னக் கத்தியைக் கூரியரில் அனுப்பி, தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்கச் சொல்லியிருக்கிறார். கெட்ட கனவுக்கு இரும்பு வைப்பது நம் ஊர்ப் பழக்கம்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தூக்கத்திலேயே எழுந்து சண்டை போடுகிற மனிதரின் தலைமாட்டில் கத்தி. ஒரு விடியற்காலையில் அவர் அதை எடுத்து வீச, எழுப்பப்போன அம்மாவின் முன்கையில் பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. கண் விழித்து ரத்தத்தைப் பார்த்த அப்பா அழுத அழுகையை அம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்.

தையல் போட்ட டாக்டர்தான் முதலில் சரியான கேள்வி கேட்டார், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. குறட்டை உண்டா, வாசனை தெரிவது குறைந்திருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறாரா? ஒரு ராத்திரி தலை, தாடை, கால் என்று வயர்களை ஒட்டி, வீடியோவும் வைத்துத் தூக்க ஆய்வு செய்தார்கள். அப்பாவுக்கு இருப்பது ரெம் உறக்க நடத்தைக் கோளாறு.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நமக்கு அழுத்தமான கனவுகள் பெரும்பாலும் ரெம் என்கிற தூக்க நிலையில்தான் வருகின்றன. கண் மூடியிருக்கும்போதே விழிகள் வேகமாக அசையும் நிலை அது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அதை உலகுக்குச் சொன்னார்கள். அந்த நேரத்தில் மூளைத்தண்டு நம் தசைகளை முடக்கி வைத்துவிடும். மோட்டார் ஓடிவிடாதபடி ஃபியூஸைப் பிடுங்கி வைக்கிற மாதிரி. கனவில் ஓடினாலும் கட்டிலில் அசையாமல் கிடப்பது அதனால்தான். சிலருக்கு, முக்கியமாக ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, இந்த முடக்கம் வேலை செய்யாமல் போகிறது. கனவில் அடித்தால் நிஜமாகவே கை வீசும். மினியாபொலிஸில் ஷெங்க், மஹோவால்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1986-இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். மனிதரோ மிருகமோ தாக்க வருவதும், அதை எதிர்த்துப் போராடுவதும் இந்த நோயாளிகள் அடிக்கடி சொல்கிற கனவு. ராத்திரியின் பின்பகுதியில் ரெம் தூக்கம் நீளும். எனவே விடியற்காலையில்தான் அதிகம் நடக்கும். "விடியக்கால கனவு" என்று அந்த ஆள் பயமுறுத்தியதற்குப் பின்னால் இருந்த விஷயம் இவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கோளாறு உள்ளவர்களில் பலருக்குப் பல வருடங்கள் கழித்துப் பார்கின்சன் போன்ற நரம்பு நோய்கள் வர வாய்ப்பு இருக்கிறதாம். அதனால் தொடர்ந்து பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு அறிகுறியை ஏவல் என்று சொல்லி மாதக்கணக்கில் மருத்துவமனைப் பக்கமே போகவிடாமல் வைத்திருந்தார் அந்த ஆள். என் கோபம் அதில்தான்.

இப்போது ராத்திரிக்கு மெலடோனின் மாத்திரை. பிரஷர் மாத்திரையும் மறுபடி ஆரம்பித்தாயிற்று. கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை, பக்கத்தில் கண்ணாடியோ கூர்மையான பொருளோ கிடையாது. அம்மா கொஞ்ச காலம் தனியாகப் படுக்கிறார். அடிப்பதும் உதைப்பதும் நன்றாகவே குறைந்திருக்கின்றன.

சாமி நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் அனுவாவிக்கும் மருதமலைக்கும் போகிற குடும்பம்தான். கோயிலில் யாரும் மாத்திரையை நிறுத்து என்று சொன்னதில்லை, பிள்ளையைச் சொல்லி மிரட்டியதுமில்லை.

தாயத்து, மந்திரம், கவசம் இவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இருக்கிறது. ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் குற்றம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. எங்களுக்கு நாள் கடந்துவிட்டது. போலீஸில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை. பழைய நம்பர் அணைந்துகிடக்கிறது. அதே வீடியோ வேறு நம்பரோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

எப்போதாவது ஒரு ராத்திரி மிருகம் துரத்துவது போல் கனவு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, எல்லாருக்கும் வருவதுதான். உடம்பும் சேர்ந்து அடித்தால், உதைத்தால், கட்டிலிலிருந்து விழுந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் அந்தப் பிரிவு இருக்கும். போவதற்கு முன் தூக்கத்தில் நடப்பதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், கூடப் படுப்பவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ராத்திரி என்ன நடக்கிறது என்று நோயாளியைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.