மூன்றாம் நாள் சாயங்காலம் எது உள்ளே இறங்கும்? மலைநடைக்கான சாப்பாட்டு மூட்டை: ஓர் அலசல்

வருகிற ஜூனில் இமாச்சலத்தில் எட்டு நாள் நடை. சுமை தூக்கக் கோவேறு கழுதை கிடையாது, சமையல்காரர் கிடையாது, அவரவர் சாப்பாடு அவரவர் முதுகில். எதைக் கட்டிக்கொண்டு போவது என்று நானும் மச்சானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் மாசக்கணக்கில் சண்டை போட்டோம். மச்சான் நூடுல்ஸ் கட்சி. நண்பர், வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும் என்று விற்கிற பாக்கெட் சாப்பாட்டுக் கட்சி. நான் அவல், பொட்டுக்கடலை மாவு கட்சி. பேசித் தீராது என்று தெரிந்ததும், ஜனவரியில் நாலு நாள் சேர்வராயன் மலையில் ஆளுக்கொரு மூட்டையோடு நடந்தே பார்த்துவிடுவது என்று முடிவானது. குப்பனூர் பக்கம் ஏறி, கொட்டச்சேடு வழியாக ஏற்காடு, அங்கிருந்து நாகலூர், கடைசி நாள் சேர்வராயன் கோயில். இறங்க பஸ்.

ராத்திரி தங்கியதெல்லாம் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையும் காப்பித் தோட்டத்துக் கொட்டகையும்தான். காட்டுக்குள் கூடாரம் போட்டு நெருப்பு மூட்டும் ஆசை யாருக்காவது இருந்தால் அதை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வரவும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாண்டது மறந்திருக்காது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது அதற்கு முன்பே குற்றம்தான்.

முதல் நாள் சாப்பாட்டில் மட்டும் மூவருக்கும் சண்டையே இல்லை. அக்கா கட்டிக்கொடுத்த புளிசோறு. வாழையிலையில் கட்டி மேலே செய்தித்தாள் சுற்றியது. சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், அதனால் கனம் அதிகம் என்று தராசு சொல்லும். ஆனால் அந்தக் கனம் மதியத்துக்குள் வயிற்றுக்குப் போய்விடுகிறது. பாத்திரம் கழுவ வேண்டாம், குப்பை என்று மிஞ்சுவது மாடு தின்னும் இலை. முதல் நாளுக்கு இதைத் தாண்டி ஒன்றுமில்லை. மறுநாளைக்கும் ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னாள். வேண்டாம் என்றேன். நல்லெண்ணெயும் புளியும் எத்தனை இருந்தாலும், முதுகுச் சூட்டில் வேகிற பைக்குள் சோறு ஒரு ராத்திரி தாண்டினால் நான் நம்பமாட்டேன்.

சண்டை இரண்டாம் நாளில்தான் ஆரம்பம். அதற்கு முன் கொஞ்சம் கணக்கு.

மூட்டையோடு நாள் முழுக்க ஏறி இறங்கும் ஆளுக்கு 3,000 கலோரி என்று வைத்துக்கொள்வோம். மாவுச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. அவல் 100 கிராமுக்கு 350 தருகிறது. வெறும் அவலாகவே தின்றால் நாளுக்கு 850 கிராம் வேண்டும். நிலக்கடலை 560க்கு மேல், கொப்பரை 650ஐ ஒட்டி, நெய் 900க்குப் பக்கம். இவற்றைக் கலந்து 100 கிராமுக்கு 450 என்று கொண்டுவந்துவிட்டால் நாளுக்கு 700 கிராமுக்குள் முடிந்துவிடும். எட்டு நாளில் இந்த 150 கிராம் வித்தியாசம் ஒரு கிலோவைத் தாண்டுகிறது. ஏறும்போது அந்த ஒரு கிலோ யார் பையில் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இந்தத் தராசில் முதலில் விழுந்தவர் நண்பர்தான். அவருடைய பாக்கெட்டுகளைக் குறை சொல்ல முடியாது. பருப்பு சாதம், பிஸிபேளா, ராஜ்மா என்று அத்தனையும் ருசி. சோற்றைப் பையிலேயே அடைத்து, அழுத்தமான நீராவியில் 121 டிகிரி வரை காய்ச்சி எடுப்பதால் கெடுக்கும் கிருமி செத்துப்போகிறது. ரசாயனம் சேர்க்காமலே மாசக்கணக்கில் நிற்பது அதனால்தான். நம் நாட்டில் இதை ராணுவத்துக்காகப் பழக்கியெடுத்தது மைசூரில் 1961இல் தொடங்கிய பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம். எல்லாம் சரி, ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் உள்ளேயேதான் இருக்கிறது. பாக்கெட்டின் முதுகைப் படித்துப் பாருங்கள்: பெரும்பாலானவை 100 கிராமுக்கு 150 கலோரியைச் சுற்றித்தான் இருக்கும். 3,000 கலோரிக்கு இரண்டு கிலோ. எட்டு நாளைக்குப் பதினாறு கிலோ. ஜீப்பில் போகிறவருக்கு இது சரி, நடந்து போகிறவருக்கு இல்லை. போதாக்குறைக்கு, தின்று முடித்த உறையில் ஒட்டியிருக்கும் மசாலா வாசனை. ஏற்காட்டுக் குரங்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பையின் வெளி ஜிப்பில் மடித்துவைத்த காலி உறைக்காக ஒரு கிழட்டுக் குரங்கு நண்பரோடு பத்து நிமிஷம் பேச்சுவார்த்தை நடத்தியது. அவர்தான் தோற்றார்.

தண்ணீரை உறையவைத்து, வெற்றிடத்தில் ஆவியாக்கி எடுத்த வெளிநாட்டு உலர்சாப்பாடும் இருக்கிறது. கனமே இல்லை. விலையைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டோம்.

மச்சானின் நூடுல்ஸை நான் ஏளனமாகத்தான் பார்த்தேன். கணக்குப் போட்டபோது வாயடைத்துப்போனது. 70 கிராம் பாக்கெட்டில் 300 கலோரி. அதாவது 100 கிராமுக்கு 430, என் அவலைவிட மேல். காரணம் அதை எண்ணெயில் பொரித்துக் காயவைப்பதுதான். பொரித்ததால் அப்படியே நொறுக்கித் தின்னவும் முடியும். காகிதத்தில் மச்சான் ஜெயித்துவிட்டார். ஆனால் காகிதத்தில் வராத மூன்று விஷயம் உண்டு. ஒன்று, இடம்: பாதிப் பை நூடுல்ஸ் என்றால் பாதிப் பை காற்று. இரண்டு, புரதம்: ரொம்பக் குறைவு, இரண்டாம் நாள் படி ஏறும்போது தொடை சொல்லும். மூன்று, அடுப்பு.

அடுப்பு என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சேலத்திலிருந்து வடக்கே போகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். கேஸ் கேனை விமானத்தில் எந்தப் பையிலும் வைக்க முடியாது. ரயிலில் கொண்டுபோவது 1989 ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவுப்படி குற்றம், மூன்று வருஷம் வரை சிறை அல்லது அபராதம், இரண்டும்கூட. ஆகவே அடுப்பின் தலையை மட்டும் கொண்டுபோய், கேனை மலையடிவாரத்தில் இறங்கியபின் வாங்க வேண்டும். வாங்கும்போது எந்த வாயு என்று பார்க்க வேண்டும். மேஜை அடுப்புக்கு வரும் நீட்டக் கேனில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன். அது பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் வாயுவாக மாற மறுத்துவிடும். நாகலூரில் விடியற்காலைக் குளிருக்கே மச்சானின் ஜ்வாலை சோம்பல் முறித்தது. இமாச்சல விடியலில் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த உருண்டைக் கேன்தான் அங்கே சரி.

இன்னொன்று, உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு குறைவு. ஏற்காட்டின் 1,500 மீட்டரில் 95 டிகிரி. 4,000 மீட்டரில் 86, 87தான். அரிசியும் பருப்பும் அங்கே குக்கர் இல்லாமல் வேகாது, வெந்தாலும் கேன் காலியாகிவிடும். இந்த இடத்தில் சேலத்துக்காரனாகத் தலைகுனிந்து ஒன்று சொல்ல வேண்டும்: ஜவ்வரிசி வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சரக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரவள்ளி மாவுச்சத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை, புரதம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஊறவும் நேரம், வேகவும் நேரம், கிளறிய பாத்திரத்தைக் கழுவ ஓர் ஓடையே வேண்டும். அது பாயசத்துக்கே இருக்கட்டும்.

இப்போது என் மூட்டை. அவல், ஏற்கெனவே ஊறி வறுபட்டு இடிபட்ட நெல். அதனால்தான் பச்சைத்தண்ணீரிலேயே மசிகிறது. கெட்டி அவலை டப்பாவில் போட்டு மூழ்கத் தண்ணீர் விட்டு நடக்க ஆரம்பித்தால், இருபது நிமிஷத்தில் அடுத்த வளைவில் சாப்பாடு தயார். அடுப்பு இல்லை, நிற்க வேண்டியதில்லை. மேலே இரண்டு ஸ்பூன் புளிக்காய்ச்சல். எண்ணெய் பிரியும்வரை சுண்டக் காய்ச்சினால் வாரக்கணக்கில் நிற்கும், புளிப்பும் உப்பும் பூஞ்சையை அண்டவிடாது. ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை போட்டால் கொழுப்பும் புரதமும் சேர்ந்துவிடும்.

அடுத்தது பொட்டுக்கடலை மாவு. பீகாரில் 'சத்து' என்று கரைத்துக் குடித்துவிட்டு வயலுக்குப் போகிறார்களே, ஏறக்குறைய அதேதான்: வறுத்த கொண்டைக்கடலை, திரித்த மாவு. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். ஏற்கெனவே வறுத்ததால் பச்சைத்தண்ணீரில் கரைத்தாலும் வயிறு கேட்காது. கடையில் விற்கிற சத்துமாவுக் கலவைகளில் பல, கஞ்சியாகக் காய்ச்சினால்தான் செரிக்கும். அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

சேலம் செவ்வாய்பேட்டையில் மண்டிமண்டியாக ஏறி அரை நாளில் எல்லாவற்றையும் வாங்கினேன். இரண்டாம் நாள் முழுக்க என் மூட்டைதான் ராஜா. மச்சான் அடுப்பைக் காற்றுக்கு மறைத்து உட்கார்ந்திருக்கும்போது நான் சாப்பிட்டு முடித்து, காலை நீட்டிப் படுத்து, அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கதை மாறியது. நாகலூரில் கொட்டகைக்குள் பையை இறக்கினோம். வியர்வை காய்ந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது. வெல்லம் போட்ட மாவைக் கரைத்து வாயருகே கொண்டுபோனேன், இறங்கவில்லை. பசி இருக்கிறது, தொண்டை மூடிக்கொள்கிறது. இரண்டு நாளாக இனிப்பும் மாவும் தின்ற நாக்கு, சூடாக உப்பாக ஏதாவது கொடு என்று அடம்பிடித்தது. கலோரிக் கணக்கெல்லாம் வாய்க்குள் போனால்தானே! பக்கத்தில் மச்சான் நூடுல்ஸ் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பாக்கெட்டுக்கு நாலு கடலைமிட்டாய் என்று பேரம் முடிந்தது. அதில் நண்பரின் எலுமிச்சை ஊறுகாயைக் கரைத்துக் குடித்தபோது, மூன்று கட்சியும் அந்தக் கொட்டகையில் கலைந்துவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு: சூரியன் இருக்கும்வரை அடுப்பில்லாத சாப்பாடு, இறங்கியபின் ஒரே ஒரு வேளை அடுப்பு. ஒரு வேளைக்கு மட்டும் தண்ணீர் கொதித்தால் போதும் என்றால், ஆளுக்கு ஒரு 230 கிராம் கேனிலேயே எட்டு நாளை ஓட்டிவிடலாம். ஆனால் அந்த ஒரு வேளையை நூடுல்ஸுக்கு மட்டும் கொடுக்கமாட்டேன். வறுத்த ரவையில் தாளிப்பைச் சேர்த்து வீட்டிலேயே ஆறவைத்த உப்புமா கலவைக்கு அதே வெந்நீர் போதும், ஒரு ஸ்பூன் நெய் விட்டால் நூடுல்ஸை மிஞ்சும். மச்சான் இதை ஒப்புக்கொள்ளவில்லை, அவர் பங்கு நாலு பாக்கெட் தனி.

தண்ணீர் விஷயத்தில் போட்டி கடுமை இல்லை. 0.1 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. குளோரின் மாத்திரை வைரஸைக் கொல்லும், ஆனால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், சில ஒட்டுண்ணிகள் அதற்கு அசையாது. இரண்டையும் எடுத்துக்கொண்டாலும் கையளவுதான், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சேர்வராயன் மலையில் நாங்கள் ஓடைத்தண்ணீரை எடுக்கவே இல்லை. மேலே காப்பித் தோட்டம் இருந்தால் மருந்தடித்த தண்ணீர் கீழே வரலாம். வடிகட்டியோ கொதிக்கவைப்பதோ பூச்சிமருந்தை நம்பகமாக நீக்காது. ஊர்க்குழாயில் பிடித்தோம்.

உப்புக்கு மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலமே மேல், பாட்டிலில் விற்கும் விளையாட்டுப் பானங்களைவிட மலிவு, கனமும் இல்லை. பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. உப்பு கூடக்கூடாது.

ஜூனுக்கு என் பையில் நாளொன்றுக்கு இப்படி வைக்கப்போகிறேன்: அவல் 200, பொட்டுக்கடலை மாவு 100, வறுத்த நிலக்கடலை 100, கொப்பரை 50, கடலைமிட்டாய் 80, உப்புமா கலவை 100, நெய் 30, புளிக்காய்ச்சல் 30. மொத்தம் 690 கிராம், எட்டு நாளைக்கு ஐந்தரைக் கிலோ. நாள்வாரியாகத் தனித்தனிக் கவரில் கட்டி, மேலே தேதி எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கடலைமிட்டாய் எல்லாம் மூன்றே நாளில் காலியாகிவிடும். மாவில் போடும் வெல்லத்தை அறவே விட்டுவிட்டேன். ஊறுகாய் கால் கிலோ, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.