குவிமாடத்துக்கு எதிரே ஒரு நாற்காலி: புளோரன்ஸ் நகரின் மொட்டைமாடி பார்கள்

புளோரன்ஸ் நகரின் பழைய பகுதியில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் கண் முதலில் போய் நிற்பது பேராலயத்தின் குவிமாடத்தின் மீதுதான். கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி 1420இல் கட்டத் தொடங்கி 1436இல் முடித்த அந்தக் குவிமாடம், சுற்றியுள்ள ஐந்தாறு மாடிக் கட்டடங்களை எல்லாம் தாழ்த்திவிட்டு ஒரு செங்கல் மலையாக எழுந்து நிற்கிறது. ஆகவே இந்த நகரத்து மொட்டைமாடி பார்களை மதிப்பிடும்போது பானங்களின் பட்டியலையோ இருக்கைகளின் அழகையோ முதலில் பார்த்துப் பயனில்லை. குவிமாடத்துக்கு எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில், எந்த வேளையில் நாம் உட்காருகிறோம் என்பதைப் பொறுத்தே கொடுத்த காசுக்கு ஈடு கிடைக்கிறது. பயண வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த இடங்களை விலையை வைத்தும் ஹோட்டலின் நட்சத்திரங்களை வைத்தும் வரிசைப்படுத்துகின்றன. திசையைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை.

மாலை வேளைக்கு என் முதல் தேர்வு, ரிப்பப்ளிக்கா சதுக்கத்தில் உள்ள ரினாஷென்தே பல்பொருள் அங்காடியின் மொட்டைமாடி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய சந்தையையும் யூதர் குடியிருப்பையும் இடித்துவிட்டு உருவாக்கப்பட்ட அந்தச் சதுக்கம், கீழே நின்று பார்ப்பவருக்குச் சற்று வறண்ட இடமாகவே தோன்றும். கைப்பைகளையும் வாசனைத் திரவியங்களையும் கடந்து மேல்தளத்துக்குப் போனால் காட்சி அடியோடு மாறுகிறது. இந்தக் கட்டடம் பேராலயத்துக்குத் தென்மேற்கில் இருப்பதால், சாயும் வெயில் நமக்குப் பின்னாலும் இடப்புறத்திலும் இருந்து வந்து, குவிமாடத்தின் சிவந்த ஓடுகளிலும் அவற்றைப் பிரிக்கும் வெண்பளிங்கு விலாக்களிலும் ஜொத்தோவின் மணிக்கூண்டிலும் நேராகப் படுகிறது. சூரியன் மறைவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் ஓட்டின் நிறம் நிமிடத்துக்கு நிமிடம் ஆழமாவதை இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். குறை என்னவென்றால் இடம் சிறியது. விளிம்பை ஒட்டிய மேசைகள் கிடைக்காவிட்டால், படம் எடுக்க வந்து நிற்பவர்களின் முதுகுகளையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்க நேரும். ஜூன் மாதத்தில் சூரியன் இங்கே இரவு 9 மணியளவில்தான் மறைகிறது, டிசம்பரில் 4.40 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் ஏழு மணி என்று பொதுவாக இருக்கை முன்பதிவு செய்பவர்கள் கோடையில் சுடும் வெயிலிலும் குளிர்காலத்தில் வெறும் இருட்டிலும் உட்கார வேண்டியதுதான்.

காலை வேளைக்கும் மெலிந்த பணப்பைக்கும் ஏற்ற இடம் ஓப்லாத்தே நூலகத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இது கன்னியர் மடம். பக்கத்தில் உள்ள, 1288இல் நிறுவப்பட்ட சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சகோதரிகள் இங்கே வாழ்ந்தார்கள். இப்போது இது மாநகராட்சியின் பொது நூலகம். மாணவர்கள் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருக்கும் திறந்த தாழ்வாரங்களைக் கடந்து சிற்றுண்டிச் சாலைக்குப் போனால், குவிமாடம் சுமார் இருநூற்றைம்பது மீட்டர் தொலைவில், கூரைகளுக்கு மேலே முழுமையாகத் தெரிகிறது. பேராலயத்துக்குத் தென்கிழக்கில் அமைந்திருப்பதால் முற்பகல் வெயிலில் குவிமாடம் நம்மை நோக்கி ஒளிர்கிறது. மாலையில் சூரியன் அதற்குப் பின்னால் போய்விடுவதால் கரிய நிழலுருவம் மட்டுமே மிஞ்சும். இந்தத் திசைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. குவிமாடத்தின் அடிப்பகுதியைச் சுற்றிப் பளிங்கு மாடம் ஒன்றைக் கட்டும் வேலை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாச்சோ தஞ்ஞோலோவின் வடிவமைப்பில் தொடங்கியது. எட்டுப் பக்கங்களில் ஒன்று முடிந்த நிலையில் அதைப் பார்த்த மைக்கேலாஞ்சலோ ‘சில்வண்டுக் கூண்டு’ என்று ஏளனம் செய்ததாகவும், அத்தோடு வேலை நின்றுபோனதாகவும் சொல்வார்கள். முடிந்த அந்த ஒரே பக்கம் தென்கிழக்குப் பக்கம். மற்ற ஏழும் இன்றும் பூசாத கற்சுவராகவே நிற்கின்றன. நூலகத்து மேசையில் ஒரு காப்பியோடு உட்கார்ந்து, அந்த வெள்ளை மாடம் உண்மையிலேயே கூண்டுபோல இருக்கிறதா என்று நாமே தீர்ப்புச் சொல்லலாம். என் தீர்ப்பு மைக்கேலாஞ்சலோவின் பக்கம் சாய்கிறது. பரிமாறுவதற்கு ஆள் வருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. நூலகம் மூடியிருக்கும் வேளையில் மேலே போக வழியும் இல்லை.

ஆர்னோ ஆற்றங்கரை ஹோட்டல்களின் மாடிகள் இன்னொரு வகை. பொன்தே வெக்கியோ பாலத்தின் வடமுனையில் இருக்கும் ஹோட்டல் கொந்தினெந்தாலேயின் மாடி, இடைக்காலக் கோபுரம் ஒன்றின் உச்சியில் அமைந்தது. அங்கிருந்து குவிமாடத்தைவிடப் பாலமே அதிகம் ஈர்க்கிறது. பொற்கொல்லர் கடைகளுக்கு மேலே, 1565இல் கட்டடக் கலைஞர் வசாரி கட்டிய மூடிய நடைபாதை சிறுசிறு சன்னல்களோடு ஆற்றைக் கடந்து போவதைத் தெருவில் நின்று இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. ஆறு மேற்கு நோக்கி ஓடுவதால், சூரியன் மறையும் வேளையில் சாந்தா திரினீத்தா பாலத்தின் மூன்று வளைவுகளும் நீரில் எரிவதுபோல இருக்கும். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் தகர்த்த அந்தப் பாலம் பின்னர் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. பொன்தே வெக்கியோ மட்டும் அன்று தப்பியது. இன்னும் மேற்கே, ஓஞ்ஞிசாந்தி சதுக்கத்தில் வெஸ்டின் எக்செல்சியர் ஹோட்டலின் ஆறாம் மாடியில் உள்ள சேஸ்தோ என்ற பார், நகரம் முழுவதையும் சற்று விலகி நின்று காட்டுகிறது. மாலை ஒளியில் குவிமாடம், பலாத்சோ வெக்கியோ என்ற பழைய அரண்மனையின் கோபுரம், ஆற்றின் தென்கரைக் குன்று ஆகிய மூன்றையும் ஒரே பார்வையில் சேர்த்துக் காண விரும்புவோர் அங்கே போகலாம். ஆனால் கட்டணம் அந்தத் தரத்து ஹோட்டலுக்கு உரியது. உடையும் ஓரளவு ஒழுங்காக இருக்க வேண்டும்.

விலையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது நல்லது. தெருவோர பாரில் ஏழெட்டு யூரோவுக்குக் கிடைக்கும் ஸ்பிரிட்ஸ் (கசப்பு மதுவும் நுரைக்கும் ஒயினும் சோடாவும் கலந்த பானம்), மாடியில் இருமடங்காகவோ அதற்கு மேலாகவோ ஆகிவிடும். இத்தாலியில் கீழே உள்ள சாதாரண பாரிலேயே நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை என்ற வழக்கம் இருக்கும்போது, மாடியில் இருக்கைக்குக் காசு கேட்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். வேறொரு ஆற்றோர ஹோட்டலில், விளிம்பு மேசை வேண்டுமானால் குறைந்தபட்சம் இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்ற விதியை உட்கார்ந்த பிறகு சொன்னதுதான் எரிச்சலூட்டியது. பானத்தைக் கேட்பதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

குடிப்பவர்களுக்கு இந்த ஊரில் நெக்ரோனி என்ற கலவை மதுவே பொருத்தம். கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு 1919இல் இங்குள்ள ஒரு காப்பிக்கடையில், தம் அமெரிக்கானோவில் (இது காப்பி அல்ல, கம்பாரியும் வெர்முத்தும் சோடாவும் கலந்த மதுபானம்) சோடாவுக்குப் பதிலாக ஜின் ஊற்றச் சொன்னதிலிருந்து அது பிறந்ததாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஜின், கசப்பு மதுவான கம்பாரி, மூலிகை ஒயினான இனிப்பு வெர்முத் மூன்றும் சம அளவில் சேர்வதால் நல்ல காட்டம். வெறும் வயிற்றில் இரண்டாவது வேண்டாம். மது அருந்தாதவர்கள் ‘அனால்கோலிக்கோ’ என்று சொல்லிக் கேட்டால் குரோதீனோ போன்ற கசப்பும் இனிப்பும் கலந்த பானத்தை ஆரஞ்சுத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். பார்வைக்கு ஸ்பிரிட்ஸ் போலவே இருப்பதால் கூட்டத்தில் தனித்துத் தெரிய மாட்டீர்கள். பானத்தோடு வரும் தட்டில் ஆலிவ், வேர்க்கடலை, உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவை பொதுவாக இருக்கும். சைவ உணவுக்காரர்கள் வறுத்த ரொட்டித் துண்டின் மேல் பழுப்பாகத் தடவியிருப்பதை மட்டும் கேட்டுவிட்டு எடுக்கட்டும். புளோரன்ஸ் இருக்கும் தஸ்கனி வட்டாரத்தில் அது பெரும்பாலும் கோழி ஈரல்.

மிலானிலும் ரினாஷென்தேக்குக் கிளை உண்டு. அதன் ஏழாம் மாடியில் உட்கார்ந்தால் பேராலயத்தின் பளிங்குக் கூர்முனைகள் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும். அது திகைப்பூட்டும் காட்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே தெரிவது ஒரு கட்டடத்தின் ஒரு பக்கம். புளோரன்ஸில் ஒரு நகரமே ஒரு குவிமாடத்தைச் சுற்றி அமர்ந்திருப்பது தெரிகிறது. நெரிசல் பிடிக்காதவர்களுக்கு இங்கேயே இன்னோர் இடம் இருக்கிறது: புரூனெல்லெஸ்கியே 1419இல் தொடங்கிய இன்னொச்செந்தி அனாதை இல்லத்தின் உச்சியில் உள்ள வெரோனே காப்பிக்கடை. முற்காலத்தில் துணி உலர்த்தப் பயன்பட்ட திறந்த மாடம் அது. அங்கே குவிமாடம் தென்மேற்கில் தெரிவதால், முற்பகலில் போவது நல்லது. மேலே கூரை இருப்பதால், மற்ற மாடிகள் குடைகளை மடக்கி வாடிக்கையாளர்களைக் கீழே அனுப்பிவிடும் மழை நாளிலும் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.