மட்டக்களப்பில் போன்சாய் வாங்குகிறீர்களா? முதலில் வேரைக் காட்டச் சொல்லுங்கள்

கல்லடிப் பக்கம் வீதியோரத்தில் பூமரம் விற்கும் ஒருவரிடம் 12,500 ரூபா கொடுத்து சாடியில் குட்டையாக வளர்க்கும் இத்திப் போன்சாய் மரம் ஒன்று வாங்கினேன். "பத்து வருசம் சாடியிலேயே வளர்த்த மரம் அண்ணன்" என்றார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. வலப்பக்கம் அழகாகச் சாய்ந்த தண்டு, மண்ணை மூடி வெள்ளைக் கூழாங்கல்.

கச்சான் காற்று தொடங்கியதும் மரம் ஆட ஆரம்பித்தது. ஒரு பின்னேரம் சாடி இருந்த இடத்திலேயே இருக்க, மரம் மட்டும் கிளம்பி விழுந்து கிடந்தது. கூழாங்கல் பரப்பியதல்ல, பசை போட்டு ஒட்டியது. தட்டு மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அடியில் பார்த்தால் வேர் முழுக்க வலப்பக்கம், இடப்பக்கம் மொட்டை. வேர் இடுக்கில் சீமெந்துச் சாந்து வேறு! மதில் வெடிப்பில் முளைத்ததைப் பிடுங்கி வந்து நட்டிருக்கிறார். இதுதான் அந்தப் பத்து வருசச் சாடி வளர்ப்பு.

சாய்ந்த மரத்தை இழுத்துப் பிடிப்பது சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து வேர். நேராக நிற்கும் மரம் என்றால் வேர் சுற்றிவரப் பரந்திருக்க வேண்டும். யப்பானில் நெபாரி என்று சொல்லும் இந்த மேல்வேரைப் பார்த்துத்தான் தண்டு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தீர்மானிப்பார்கள். இவரோ வேர் இருந்த பக்கத்துக்கே தண்டையும் வளைத்துவிட்டார். அதுவும் கொத்தனார் கட்டுக்கம்பியால். துருப்பிடித்த கம்பி பட்டைக்குள் புதைந்து கிடந்தது.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டேன். "தண்ணி கூட ஊத்தியிருப்பீங்க அண்ணன். சீவனுள்ள சாமானுக்கு கேரண்டி தரேலாது. வேணுமெண்டா இன்னொண்டு அரை விலைக்குத் தாறன்." அரை விலையாம்! அதற்குப் பிறகு பதில் இல்லை.

ஆரையம்பதியில் மரம் வளர்க்கும் மாமா ஒருவர்தான் காப்பாற்றித் தந்தார். கம்பியைச் சுற்றிக் கழற்றினால் பட்டையும் சேர்ந்து உரியும் என்று துண்டு துண்டாக வெட்டி எடுத்தார். பிறகு மரத்தை இடப்பக்கம் சாயும்படி நிமிர்த்தி வைத்தார். இப்போது வலப்பக்க வேர் பிடிமானமாகிவிட்டது. மேற்கொப்பைக் குறைத்து, ஆற்று மணலும் உடைத்த ஓட்டுத் துண்டும் கலந்து நட்டு, சாடியின் அடித்துளை வழியாகக் கம்பி விட்டு வேரைக் கட்டினார். இத்தி கெட்டிச் சீவன், நிழலில் வைத்ததும் துளிர்த்துவிட்டது. கம்பித் தழும்பு மட்டும் போகவில்லை.

வாங்கப் போகிறவர்கள் தண்டின் அடியைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். வேர் பிடித்த மரம் என்றால் சாடியும் சேர்ந்து அசையும். மேலே இருக்கும் கல்லை விரலால் கிளறி, வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது, தண்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கல் ஒட்டியிருந்தால் விலையே பேச வேண்டாம்.