எச்சரிக்கை: சோதித்துப் பார்க்காமலேயே டீசல் பம்ப்பையும் ஆறு இன்ஜெக்டர்களையும் மாற்றிய பட்டறை

ஒரே லாரியை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். டீசல் ஹோஸில் விழுந்த மயிரிழை விரிசல் ஒன்றுக்காக என் வண்டியின் உயர் அழுத்த பம்ப்பும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டர்களும் மாற்றப்பட்டன. அதற்காக நான் செலுத்திய தொகையை ஈட்ட, அந்த வண்டி மூன்று மாதம் ஓய்வின்றி ஓட வேண்டும். பணம் கொடுத்த பிறகும் பழைய கோளாறு அப்படியே இருந்தது; முன்பு இல்லாத இரண்டு கோளாறுகள் புதிதாகச் சேர்ந்துகொண்டன.

இதற்கு முன் வைத்திருந்த பழைய லாரியில் பெரும்பாலான வேலைகளை நானேதான் செய்தேன். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது, டேப்பெட் வைப்பது, பிரேக் லைனிங் போடுவது, டீசல் தீர்ந்து நின்றுவிட்டால் கை பம்ப்பை அடித்து ஏர் எடுப்பது (குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றுவது) ஆகிய எதற்கும் நான் பட்டறைக்குப் போனதில்லை. காமன் ரெயில் எஞ்சின் கொண்ட வண்டிக்கு மாறியபோது, கணினி நடத்தும் எஞ்சினில் கை வைக்கும் தகுதி எனக்கு இல்லை என்று நானே முடிவு செய்து, ஸ்பேனர் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டேன். அந்த முடிவில் ஒரு பாதி சரியானது. மற்றொரு பாதிதான் எனக்கு இந்த நஷ்டத்தைக் கொண்டுவந்தது.

கோளாறு இப்படித் தொடங்கியது. இரவு முழுவதும் நின்ற வண்டி, காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆனது. சூடான பிறகு சிரமம் இல்லை. ஆனால் முழு லோடுடன் மேடு ஏறும்போது திடீரென்று இழுவை குறைந்து, எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிறிது தூரம் சரியாக ஓடியது. இன்னொன்றையும் கவனித்திருந்தேன்: டேங்க் நிரம்பியிருக்கும் நாட்களில் தொல்லை மிகக் குறைவு, பாதிக்குக் கீழே இறங்கினால் அதிகம். இதைப் பட்டறையின் தலைமை மெக்கானிக்கிடம் முதல் நாளே சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. ஸ்கேனரைச் சொருகி, பத்து நிமிடத்தில் திரையைக் காட்டி, “ரெயில் பிரஷர் கம்மினு வருதுங்க. பம்ப் போச்சு, இன்ஜெக்டர் ஆறும் போச்சு. இனி ஓட்டுனா எஞ்சினே போயிடும்” என்றார்.

திரையில் இருந்த குறியீடு பி0087. அதன் பொருளை அன்றைக்கே நான் தெரிந்துகொண்டிருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை வந்திருக்காது. காமன் ரெயில் அமைப்பில், டேங்கிலிருந்து வரும் டீசலை உயர் அழுத்த பம்ப் அழுத்தி ‘ரெயில்’ எனப்படும் பொதுக் குழாயில் சேர்க்கிறது; அங்கிருந்து கணினி கட்டளையிடும் நொடியில் இன்ஜெக்டர்கள் சிலிண்டருக்குள் பீய்ச்சுகின்றன. ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) சில நூறு பார் அளவிலிருக்கும் ரெயில் அழுத்தம், லோடில் 1600 பார், சில எஞ்சின்களில் 2000 பாருக்கும் மேலே போகிறது. கணினி கேட்ட அழுத்தம் ரெயிலில் இல்லை என்பது மட்டுமே பி0087 சொல்லும் செய்தி. ஃபில்டர் அடைத்திருந்தாலும், உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுந்தாலும், அளவுக் கட்டுப்பாட்டு வால்வு சிக்கினாலும், ரெயிலின் அழுத்த வால்வு கசிந்தாலும், பிரஷர் சென்சாரே தவறான அளவைச் சொன்னாலும், இன்ஜெக்டர்கள் தேய்ந்து டீசலை ரிட்டர்னில் (மிச்சம் டேங்குக்குத் திரும்பும் வழியில்) அதிகமாக விட்டாலும், கடைசியாக பம்ப்பே தேய்ந்திருந்தாலும் இதே குறியீடுதான் வரும். வரிசையில் கடைசியாக நிற்பதும் விலையில் முதலாவதாக நிற்பதுமான பாகத்தை அந்த மனிதர் பத்து நிமிடத்தில் குற்றவாளியாக்கினார்.

அவர் செய்யாமல் விட்ட சோதனைகள் எவையும் கடினமானவை அல்ல. இன்ஜெக்டர்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று அறிய, ஒவ்வொன்றின் ரிட்டர்ன் வாயிலும் ஒரு குழாயைப் பொருத்தி அளவுக் குப்பிகளில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுப் பார்த்தால் போதும். ஒரு குப்பி மட்டும் மற்றவற்றைவிட மிக வேகமாக நிறைந்தால், அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது என்று பொருள். (சில எஞ்சின்களில் ரிட்டர்ன் பாதை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஓடுவதால் மொத்த அளவை மட்டுமே பிடிக்க முடியும்; என் எஞ்சினில் ரிட்டர்ன் குழாய்கள் வெளியிலேயே இருக்கின்றன.) பம்ப் உள்ளே தேய்ந்து உதிர்ந்திருந்தால், ஃபில்டரிலோ பம்ப்பின் அளவுக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றினால் அங்கேயோ உலோகத் தூள் மினுங்கும். அப்படி மினுங்கினால், பம்ப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை முழுப் பாதையையும் சுத்தம் செய்தாக வேண்டும். என் பில்லில் டேங்க் சுத்தம் செய்ததாகவோ குழாய்களை மாற்றியதாகவோ ஒரு வரிகூட இல்லை. பம்ப் உண்மையிலேயே போயிருந்தால் அந்த வரி இல்லாமல் இருக்க முடியாது என்பது எனக்கு மிகத் தாமதமாகவே உறைத்தது.

மூன்று நாளில் தருவதாகச் சொன்ன வண்டியைப் பதினொன்றாம் நாள் தந்தார்கள். டேங்கை நிரப்பி வைத்திருந்தார்கள்; ஏர் எடுத்திருந்தார்கள்; உடனே ஸ்டார்ட் ஆனது. டேங்க் பாதிக்கு இறங்கியதும், அந்த வாரத்திற்குள்ளேயே, காலைச் சிரமமும் மேட்டில் இழுவை குறைவதும் திரும்பி வந்தன. அத்துடன் ஐடிலில் எஞ்சின் சீராக நிற்காமல் உதறியது. லோடில் முன்பு கேட்டிராத ஒரு தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு இன்ஜெக்டர்களின் அடிப்பகுதியிலிருந்து புஸ் புஸ் என்று வாயு கசியும் ஓசை வந்தது. அவற்றைச் சுற்றித் தார் போன்ற கருப்புப் படிவு சேரத் தொடங்கியது. திரும்பப் போய்க் கேட்டபோது, நான் கலப்பட டீசல் ஊற்றியதால் புதிய பாகங்கள் கெட்டிருக்கலாம் என்றும், அதற்கு உத்தரவாதம் செல்லாது என்றும் சொன்னார்கள். டீசலின் மாதிரியை அவர்கள் எடுக்கவில்லை. ஃபில்டரின் அடியில் உள்ள தண்ணீர் வடிகாலைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

அன்றிரவு ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன். ஃபில்டருக்கும் பம்ப்பின் நுழைவாய்க்கும் இடையிலுள்ள குறைந்த அழுத்தக் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸ் ஒன்றைப் பொருத்தினேன். எஞ்சின் ஓடும்போது அதில் வரிசையாகக் காற்றுக் குமிழ்கள் போவது தெளிவாகத் தெரிந்தது. பிறகு டேங்கிலிருந்து வரும் குழாயை விலக்கிவிட்டு, சுத்தமான டீசல் நிரப்பிய ஒரு கேனிலிருந்து நேராக ஃபில்டருக்கு உறிஞ்ச விட்டேன். குமிழ்கள் நின்றன, மறுநாள் காலை முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆகவே கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். கையால் தடவிக்கொண்டே போனபோது, சேஸியில் கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் உராய்ந்து, ஹோஸின் அடிப்புறத்தில் விழுந்திருந்த விரிசல் அகப்பட்டது.

இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். என்னுடையதைப் போல எஞ்சினிலுள்ள பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சி எடுக்கும் வண்டிகளில், ஓடும்போது அந்தக் குழாய்க்குள் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தமே இருக்கும். விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். ஆகவே ஈரமான தடம் எதுவும் தெரியாது. வண்டி நிற்கும்போது அந்த விரிசல் வழியாகக் காற்று புகுவதால், குழாயில் நிற்கும் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும்; அதனால்தான் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. டேங்கில் டீசல் மட்டம் தாழத் தாழ பம்ப் இன்னும் வலுவாக உறிஞ்ச வேண்டும். காற்றும் கூடுதலாகப் புகும். முதல் நாளே நான் சொன்ன அந்த ஒற்றைக் கவனிப்பு நேராக இந்த ஹோஸைத்தான் காட்டியது. புதிய டீசல் ஹோஸ் ஒரு துண்டும் இரண்டு கிளாம்ப்களும் வாங்கி, ஒரு மணி நேரத்தில் நானே மாற்றினேன். பழைய கோளாறு அன்றோடு போனது.

பட்டறை புதிதாக உண்டாக்கிய கோளாறுகளை நான் தொடவில்லை. டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலையை மட்டுமே செய்யும், கழற்றிய பாகத்தை ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் செய்தது, எஞ்சின் கணினியில் பதிவாகியிருக்கும் இன்ஜெக்டர் குறியீடுகளைப் படித்து, இன்ஜெக்டர்களின் தலையில் பொறித்திருக்கும் எழுத்துகளோடு ஒப்பிட்டது. இத்தகைய இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றும் பீய்ச்சும் அளவில் மிகச் சிறிய வேறுபாடு உண்டு. தொழிற்சாலையிலேயே அதை அளந்து குறியீடாகப் பொறிக்கிறார்கள். புதியதைப் பொருத்தினால் அதன் குறியீட்டைக் கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் கணினி பழைய இன்ஜெக்டரின் கணக்கிலேயே டீசல் விடும், எஞ்சின் உதறும், தட்டும். என் வண்டியில் ஒரு குறியீடுகூடப் புதிதாகப் பதியப்படவில்லை.

அந்த அலட்சியமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. கணினியில் இருந்தவை என் பழைய ஆறு இன்ஜெக்டர்களின் குறியீடுகள். எஞ்சினில் இருந்த ‘புதிய’ ஆறில் இரண்டின் தலையில் அதே குறியீடுகள் பொறித்திருந்தன. அதாவது ஆறு புதிய இன்ஜெக்டர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு நான்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மற்ற இரண்டும் என்னுடையவையே, மினுங்கத் துடைத்துத் திரும்பப் பொருத்தப்பட்டவை. கழற்றிய பாகங்கள் என்று எனக்குச் சாக்கில் போட்டுக் கொடுத்த ஆறில், இரண்டு வேறு வகை எஞ்சினுக்கானவை. அவற்றின் பாக எண்ணே வேறு. மீதி நான்கும் என்னுடையவை. அவற்றை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றியபோது, பீய்ச்சும் அளவும் ரிட்டர்ன் அளவும் நான்கிலும் வரம்புக்குள்ளேயே இருந்தன. சாக்கிலிருந்த பம்ப்பும் குறை இல்லாமல் அழுத்தம் கொடுத்தது. வாயுக் கசிவுக்குக் காரணம், இன்ஜெக்டர் அடியில் வரும் செம்பு வாஷர்கள் இரண்டைப் பழையதாகவே திரும்பப் போட்டிருந்தது. ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது. கழற்றினால் புதியதுதான் போட வேண்டும்.

நான் தொடவில்லை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு எல்லா வேலையையும் தாமே செய்யலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பழைய எஞ்சின்களில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்துவது எங்களில் பலருக்குப் பழக்கம். காமன் ரெயிலில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் வெளியேறும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் காயம் தெரியும். உள்ளே திசு அழுகத் தொடங்கும். உடனடியாக அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரலாம். உயர் அழுத்தக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் அதே ஆபத்துதான். நான் தடவியது எஞ்சின் நின்றிருந்தபோது, டேங்குப் பக்கத்து ஹோஸை மட்டும். இன்ஜெக்டரின் உள் இடைவெளிகள் சில மைக்ரான் அளவே என்பதால், திறந்த வாயில் விழும் ஒரு துகள் தூசியே அதைக் கெடுத்துவிடும். பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் சேம்பரையும் நான் பிரிப்பதில்லை. உள்ளே அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் வலிமை அதற்கு உண்டு.

ஆனால் ஃபில்டர் மாற்றுவது, தண்ணீர் வடிப்பது, குமிழ் பார்ப்பது, கேன் வைத்துச் சோதிப்பது, டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை வண்டி வைத்திருக்கும் எவரும் கற்றுக்கொள்ளக் கூடியவை. டர்போவிலும் என்னைப் போல் ஏமாந்தவர்கள் உண்டு: கரும்புகையும் இழுவைக் குறைவும் கண்டவுடன் டர்போ போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள், வெடித்த இன்டர்கூலர் ஹோஸும் அதே அறிகுறிகளைத்தான் காட்டும்.

இப்போது பட்டறைக்கு வண்டியை விடுவதற்கு முன், என்ன சோதனை செய்யப்போகிறார்கள், அதில் கிடைத்த அளவு என்ன, வரம்பு என்ன என்பதை எழுதித் தரும்படி கேட்கிறேன். சோதனைக்கான கூலியைத் தனியாக, மகிழ்ச்சியோடு கொடுக்கிறேன். எழுதித் தர மறுக்கும் இடத்தில் வண்டியை விடுவதில்லை. கழற்றப்போகும் இன்ஜெக்டர், பம்ப், டர்போ ஆகியவற்றின் எண்களை முன்கூட்டியே புகைப்படம் எடுத்துக்கொள்கிறேன். பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஒப்புதல் தாளில் எழுத வைக்கிறேன்.

குறியீடுகளின் புகைப்படங்களையும் டெஸ்ட் பெஞ்ச் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன். அரை மணி நேர வாக்குவாதத்திற்குப் பிறகு, பையன்கள் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி, இரண்டு இன்ஜெக்டர்களுக்கான தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். பம்ப்புக்கும் மற்ற நான்குக்கும், வண்டி நின்ற பதினொரு நாளுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அதற்கான எழுத்துப்பூர்வமான புகாரை, அறிக்கையின் நகலோடு அனுப்பியிருக்கிறேன். என் எஞ்சின் இப்போது நான்கு புதிய இன்ஜெக்டர்களோடும் என் பழைய இரண்டோடும், எல்லாக் குறியீடுகளும் சரியாகப் பதியப்பட்டுச் சீராக ஓடுகிறது. கழற்றப்பட்ட நல்ல நான்கும், வாய்களில் மூடியிட்டு, பெஞ்சில் அளந்த எண்கள் ஒட்டப்பட்டு, என் ஸ்பேனர் பெட்டியில் இருக்கின்றன.