பழைய லேண்ட் ரோவரை மூன்றே மாதத்தில் புதுப்பித்துத் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள்

பழைய ஜீப், லேண்ட் ரோவர் போன்ற வண்டிகளை முழுமையாகப் புதுப்பிக்கக் கொடுக்கப் போகிறவர்கள், பட்டறை சொல்லும் கெடுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். என் சீரிஸ் 3 லேண்ட் ரோவரை மூன்று மாதத்தில் புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிய ஒரு பட்டறை, அதைப்போல் பல மடங்கு காலம் இழுத்தடித்த பிறகு, துருவின் மேல் கருப்புப் பூச்சு அடித்த வண்டியைத்தான் திருப்பித் தந்தது. பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் கையாண்ட முறை தெரிந்தால் போதும்.

கொடுத்த வேகத்திலேயே வண்டியை முழுவதுமாகக் கழற்றிப் போட்டார்கள். பார்ப்பதற்கு வேலை மும்முரமாக நடப்பதுபோல் தோன்றும். ஆனால் பிரிப்பதுதான் இதில் எளிதான வேலை. பிரித்துப் போட்ட வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோவது பெரும்பாடு என்பதால், அதன் பிறகு அவர்கள் வைத்ததே சட்டமாகிவிடுகிறது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸுக்கு, எஞ்சினுக்கு, பெயிண்டுக்கு என்று தனித்தனியாகப் பணம் கேட்டார்கள். முடித்த வேலையின் புகைப்படத்தைக் கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றினார்கள்.

அந்தக் கெடு ஏன் நடக்காத காரியம் என்பதைச் சொல்ல வேண்டும். 1971 முதல் 1985 வரை தயாரான இந்த வண்டியின் வெளித்தகடுகளில் பெரும்பாலானவை அலுமினியக் கலவையால் ஆனவை. சேசிஸும் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரான பல்க்ஹெட்டும் எஃகு. அதனால் வெளியே துருவே தெரியாத வண்டியிலும், பெட்டி வடிவச் சேசிஸுக்குள் சேறும் ஈரமும் தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். பின்பக்கக் குறுக்குச் சட்டமும் கால் வைக்கும் பள்ளங்களும்தான் பெரும்பாலும் முதலில் போகும். எஃகும் அலுமினியமும் ஒட்டும் இடங்களில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இவற்றின் முழு அளவு, பிரித்து மணல் வீசிச் சுத்தம் செய்த பிறகே தெரியும் என்பதால், அதற்கு முன் உறுதியான தேதி சொல்ல நேர்மையான மெக்கானிக்கால் முடியாது. முழுச் சீரமைப்புக்கு ஆயிரம் மணி நேர உழைப்பு என்பது மிகையான கணக்கல்ல. ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் இதையே செய்தாலும் 25 வாரம் ஆகும். உதிரிபாகங்களுக்கும் லேத் வேலைக்கும் காத்திருக்கும் காலம் அதில் சேராது. ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று சொல்லி நம்மைச் சலிப்படையச் செய்பவரிடம் வண்டியைக் கொடுப்பதே நல்லது.

திரும்பி வந்த வண்டி பளபளப்பாகத்தான் இருந்தது. அடியில் படுத்துப் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தியபோது, கருப்புப் பூச்சு கிழிந்து, முனை கைப்பிடி வரை உள்ளே இறங்கியது. ஓட்டையில் கண்ணாடி இழைத் துணியைத் திணித்து, மேலே பட்டி பூசி, அதன்மேல் தார்போன்ற அந்தப் பூச்சை அடித்திருக்கிறார்கள். தண்ணீர் வடிய வேண்டிய துளைகளையும் சேர்த்தே அடைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு அதிக எரிச்சலைத் தந்தது, ஏனெனில் மிச்சமிருந்த நல்ல இரும்பும் அதனால் கெடும். கியர்பாக்ஸில் பொறித்திருந்த எண்ணும், கொடுக்கும் முன் நான் எடுத்து வைத்த படத்தில் இருந்த எண்ணும் வேறு வேறாக இருந்தன.

ஆகவே எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எண்களைப் படம் எடுத்து, பட்டறைக்காரரின் கையொப்பத்தோடு கொடுங்கள். சேசிஸில் வெல்டிங் முடிந்ததும், எந்தப் பூச்சும் அடிப்பதற்கு முன், நேரில் போய்ப் பார்த்த பிறகே அடுத்த தவணையைத் தருவதாக எழுதி வாங்குங்கள். அதற்குச் சம்மதிக்காத பட்டறையில் வண்டியை இறக்கவே வேண்டாம். முடிந்த சேசிஸ் என்று காட்டினால், ஒரு காந்தத்தை அதன் நெடுக இழுத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது பிடிக்காமல் நழுவும்.

இப்போது வேறொரு மெக்கானிக் அந்தக் குறுக்குச் சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை வெல்டிங் செய்துகொண்டிருக்கிறார். முடியும் தேதியை அவர் இன்னும் சொல்லவில்லை. பழைய கியர்பாக்ஸ் எங்கே என்ற கேள்விக்கு முதல் பட்டறையிலிருந்து இன்றுவரை பதில் இல்லை.