ரிப்பீட்டர் ஆண்டு: விடுதியா, வீடா?

நீட் இரண்டாம் முறை எழுதுவது என்று முடிவானதும் மூன்று மாதம் விடுதிக் கோச்சிங்கில் இருந்தேன். சரிப்படவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு சேலம் அம்மாபேட்டை வீட்டுக்கே வந்து, ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு சென்டரில் ஞாயிறு டெஸ்ட் மட்டும் எழுதினேன்.

விடுதியின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: செல்போன் கிடையாது, சந்தேகம் கேட்க ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார். வீட்டில் பக்கத்துத் தறிச் சத்தம் காலையிலேயே ஆரம்பித்துவிடும். பத்திரிகை வைக்க வரும் அத்தை "இந்த வருசமாச்சும் கெடச்சிருமா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியையே வாயில் வைப்பார்.

இருந்தாலும் நான் வீட்டுப் பக்கம்தான். காரணம், டெஸ்ட்டுக்கு மறுநாள்.

விடுதியில் மறுநாள் காலை ரேங்க் பட்டியல் ஒட்டுவார்கள். பார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டும். எங்கே தப்பு என்று உட்கார்ந்து பார்க்க அட்டவணையில் அரை மணி நேரம்கூடக் கிடையாது. ரேங்க் இறங்கினால் பயம், பயத்தில் தூக்கம் போகும், தூங்காமல் எழுதினால் ரேங்க் இன்னும் இறங்கும்.

வீட்டில் திங்கள் காலை முழுக்கத் தப்புகளுக்குத்தான். தெரியாதது, தவறாகப் படித்தது, குருட்டாம்போக்கில் அடித்தது என்று பிரித்து எழுதுவேன். ஒரு டெஸ்ட்டில் 31 தப்பு. அதில் நிஜமாகவே தெரியாதது 9தான். 14 கேள்விகளைச் சரியாகவே படிக்கவில்லை. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 என்பதால் அதிலேயே 70 மதிப்பெண் போயிருந்தது. 'தவறான கூற்று எது' என்றால் சரியான கூற்றைத் தேடியிருக்கிறேன்! மண்டையில் ஏறவில்லை என்று அழுதுகொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி. உயிரியலின் 90 கேள்விகளை 40 நிமிடத்தில் முடிப்பதைப் பெருமையாக நினைத்திருந்தேன். 55 நிமிடம் கொடுக்க ஆரம்பித்தேன். நெஞ்சுப் படபடப்பு நிற்கவில்லை, ஆனால் குறைந்தது.

இது ஒருத்தியின் அனுபவம். பிளஸ் டூவோடு சேர்த்துப் படிப்பவர்களுக்குத் திங்கள் காலை ஏது? விடுதியிலேயே தங்கிய என் தோழியும் நன்றாகத்தான் எழுதினாள். நாள்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால் தப்பு நோட்டெல்லாம் அப்புறம். மனநல ஆலோசனை தரும் 104 அல்லது 14416க்கு போன் செய்து பேசுங்கள், இலவசம்தான்.

போனை வாங்கி வைக்க வீட்டில் ஆள் இல்லையென்றால் விடுதியே மேல். என்னுடையது அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. ஞாயிறு மாலை பஸ் ஏறும்போதுதான் கைக்கு வரும்.